சோப்பு உறைக்கு எதற்கு இவ்வளவு வேகம்

அவருக்கு லேபிள் என்று பெயர் வைத்தது அச்சகத்துக்காரர்கள். வைத்து நாளாகிவிட்டதால் ஒட்டிக்கொண்டது. சோப்பு உறை, சலவைத்தூள் பொட்டலம், பாலிஷ் டப்பா, பினாயில் பாட்டில் என்று எதன் மேல் எது ஒட்டியிருந்தாலும் அதைக் கம்ப்யூட்டரில் வரைந்தவர் அவராக இருக்க வாய்ப்பு உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவருடைய வேலையைக் கிழித்துக் குப்பையில் போடாமல் ஒருத்தரும் காலையில் குளித்ததில்லை. "கிழிக்கிறதுக்குன்னே ஒருத்தன் முதுகு வளைஞ்சு வரையறான், அதை யாராவது நினைச்சுப் பார்க்கறாங்களா?" என்று கேட்பார். யாரும் நினைப்பதில்லை என்று பதில் வந்தால் முகம் சுண்டிவிடும். அடுத்த வாய் டீயில் சரியாகிவிடும்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மற்றவர்கள் நிறத்தை எண் பார்த்துப் போடுவார்கள்: இந்த மையில் இத்தனை சதவீதம், அந்த மையில் இத்தனை. லேபிள் கண் பார்த்துப் போடுவார். "நம்பர் பார்த்து நிறம் போடறவன் வரி ஆபீசுக்குப் போகலாம்" என்பார். அந்தக் கண்ணுக்கு ஊரில் மரியாதையும் இருந்தது. அவர் போட்ட உறை எதை எடுத்தாலும் அதில் ஒரு குளிர்ச்சி இருக்கும். சிவப்பு ரோஜாகூடக் குளத்தில் முக்கி எடுத்த மாதிரி நிற்கும். அச்சகங்களில் அதற்கு 'லேபிள் நீலம்' என்றே பெயர். சோப்புக் கம்பெனி முதலாளி ஒருவர், லேபிளின் மிகப் பெரிய வாடிக்கையாளர், "சார், உங்க உறையைத் தொட்டாலே கை சில்லுங்குது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். ஒருமுறை அச்சக உரிமையாளர்கள் கூட்டத்தில் லேபிளை மேடை ஏற்றிவிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "நிறம் என்பது மனதின் வெப்பநிலை" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது. கைதட்டல் மட்டும் நன்றாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் கைதட்டாத ஒரே ஆள் அவர் மனைவி. அவர் செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறார். கைப்பையில் எப்போதும் ஒரு தகடு இருக்கும். சாவிக்கொத்து மாதிரி வரிசையாகப் பல் மாதிரிகள் செருகிய தகடு. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டோ அத்தனையும் அதில் சிரித்துக்கொண்டிருக்கும். டாக்டர்கள் நோயாளியின் வாயருகே அதைப் பிடித்து, எந்த வெள்ளை என்று சொல்லி அனுப்புவார்கள். இவர் அதே வெள்ளையில் பல் செய்து கொடுப்பார். கணவரின் மானிட்டரைக் கடக்கும்போதெல்லாம் இவர் சொல்வது ஒன்றுதான்.

"டீயிலேயே வளர்ந்த பல்லு மாதிரி இருக்குங்க இது."

"அது வெள்ளைம்மா."

"வெள்ளைதான். ஒரு காலத்துல."

லேபிள் இதைத் தொழில் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த மானிட்டர் மிகவும் பழையது. ஒரு மூலை லேசாக இருண்டிருக்கும், போட்டதும் கொஞ்ச நேரம் முனகும். வேலைக்கு அதனால் ஒரு குறையும் இருந்ததாக லேபிள் சொன்னதே இல்லை. குறை வந்தது வேறு வழியாக. மனைவியின் தம்பி வந்தான்.

மச்சானுக்கு மொபைல் டவரில் வேலை. ஏறாத நேரமெல்லாம் ஓய்வு. அவன்தான் ஒரு மத்தியானம் லேபிளின் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஒன்றை ஏற்றிவைத்தான். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் ஒரு பாழடைந்த தொழிற்சாலை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டிலிருந்து பேசிக்கொண்டே சுட வேண்டும். ஒரு தடவை விளையாடிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்த லேபிள், சாயங்காலம் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் எழுந்தார். மறுநாளிலிருந்து அந்தச் செருப்புச் சத்தத்துக்கு ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. மனைவி அறைக்குள் வந்தால் லேபிள் குரலை மாற்றி, "சார், பச்சையைக் கொஞ்சம் குறைச்சிடறேன்" என்பார். அக்கா வந்துவிட்டாள் என்று மச்சான் புரிந்துகொள்வான். நாலு பேர் சண்டையைத் தொடர, லேபிளின் சிப்பாய் மட்டும் நட்ட நடுவில் சிலையாக நின்று குண்டு வாங்குவான்.

சும்மாவே வாங்குவான் என்பது வேறு விஷயம். பழைய மானிட்டரில் வேகமாக ஓடுகிறவன் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இழுபடுவான். இருட்டில் நிற்கிறவன் இருட்டாகவே நிற்பான்.

"மாமா, யாரைச் சுடறீங்க?"

"அதோ ஓடறானே, அவனை."

"அவன் ஓடிப் போய்க் கல்யாணம் பண்ணிக் குழந்தையும் பெத்தாச்சு. மானிட்டரை மாத்துங்க மாமா. இல்லேன்னா டீமை மாத்துங்க."

இந்தப் பேச்சு லேபிளின் நெஞ்சில் தைத்தது. புது மானிட்டர் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் ஐம்பதை நெருங்குகிற மனுஷன், விளையாட மானிட்டர் வேண்டும் என்று எந்த முகத்தோடு மனைவியிடம் கேட்பது? அப்போதுதான் சோப்பு முதலாளி போன் செய்தார். ஆறு புது சோப்பு, ஆறுக்கும் ஒரே கையால் உறை. ரோஜா, எலுமிச்சை, வேம்பு, மல்லிகை, தாழை, சந்தனம். லேபிள் போனை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

"இவ்வளவு பெரிய வேலை. நிறம் துளி பிசகக் கூடாது. நீ சொல்றது சரிதாம்மா, நம்ம மானிட்டர் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கு போல."

இத்தனை வருஷத்தில் 'நீ சொல்றது சரி' என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடைக்கு நானும் வரேன்" என்றார்.

கடைக்காரர் மலர்ந்து வரவேற்றார். "சார், கேமுக்கா டிசைனுக்கா?"

"டிசைனுக்கு" என்றார் லேபிள், அடுத்த கடைக்கும் கேட்கிற மாதிரி. பிறகு ரோட்டைப் பார்ப்பவர் போலத் திரும்பிக்கொண்டு, "ஹெர்ட்ஸ் எவ்வளவு?" என்று முணுமுணுத்தார்.

"ஹெர்ட்ஸ்னா என்னங்க?" இது மனைவி.

கடைக்காரர் பாவம், கேட்டதற்குப் பதில் சொன்னார். "திரையில படம் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை புதுசாகுதுங்கறது மேடம். ஆபீஸ் வேலைக்கு அறுபது போதும். இது நூத்தி நாப்பத்தி நாலு."

"சோப்பு உறைக்கு எதுக்கு இவ்வளவு வேகம்? உறை எங்கேயாவது ஓடுதா?"

"மவுஸ் வழுக்கிக்கிட்டுப் போகும்மா. கை வலிக்காது."

"கை வலிக்குதுன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே."

"வெளிய சொல்லிக்கலை."

மூன்று மானிட்டர்கள் மேஜைக்கு வந்தன. முதலாவது அசுர வேகம். ஆனால் அரை அடி தள்ளி நின்று பார்த்தால் நிறம் வெளுத்துக் காய்ச்சல்காரன் மாதிரி ஆகிவிடும். இரண்டாவது நிறத்துக்கென்றே செய்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ரோஜா ரோஜாவாகவே இருந்தது, ஆனால் வேகம் மாட்டுவண்டி. லேபிள் அதைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, ஆசை இல்லை. மூன்றாவது இரண்டும் கலந்தது. நிறமும் சரி, வேகமும் சரி, விளக்கு வெளிச்சம் பட்டாலும் கண்ணாடி மாதிரி முகம் காட்டாது. லேபிளின் கை தானாகப் போய் அதன் தோளைத் தடவியது.

மனைவி கைப்பையைத் திறந்தார். தகட்டை எடுத்தார். முதல் மானிட்டரின் வெள்ளைத் திரையில் பல் வரிசையை வைத்துப் பார்த்தார்.

"மேடம், அது என்னங்க?"

"பல்லு."

கடைக்காரர் உதட்டை மூடித் தன் பல்லை மறைத்துக்கொண்டார்.

"இது பயந்துபோன பல்லு. வெளிறிப்போய் நீலம் பாய்ஞ்சிருக்கு." இரண்டாவதுக்கு நகர்ந்தார். "இது நல்ல பல்லுதான், கூச்ச சுபாவம்." மூன்றாவதில் தகட்டை வைத்தவர் கண்ணைச் சுருக்கினார். தலையசைத்தார். "இது சரியா இருக்கு. லேப்ல பகல் வெளிச்சத்துல பார்க்கற மாதிரியே இருக்கு."

லேபிளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி தகட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வேலைக்குத்தானே?"

"முழுக்க முழுக்க வேலைக்கு."

"வேலைக்கு ஆகலைன்னா?"

"ஆகலைன்னா நீயே எடுத்துக்க" என்றார் லேபிள். வாங்கப் போகிற சந்தோஷத்தில் மனுஷன் எதைத்தான் எழுதிக் கொடுக்க மாட்டான்? கடைக்காரர், "நான் சாட்சி மேடம்" என்று சிரித்தார். அவர் சிரித்தது மட்டும்தான் விளையாட்டு. மனைவி சிரிக்கவில்லை.

புது மானிட்டர் லேபிளின் மேஜைக்கு வந்தது. பழையது மனைவியின் மேஜைக்குப் போயிற்று. அதில் அவர் சாப்பிட்டுக்கொண்டே வீடியோ பார்ப்பார். மறுநாள் மத்தியானம் லேபிள் பாழடைந்த தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது, அது இவ்வளவு அழகான தொழிற்சாலை என்பதே அப்போதுதான் தெரிந்தது. மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. வரிசையாக மூன்று பேரைச் சாய்த்தார். காதில் மச்சான், "மாமா, நீங்கதானா? இல்ல வேற யாராவது உக்காந்திருக்காங்களா?" என்றான். லேபிள் நாலாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த உற்சாகத்தோடு வேலையைத் திறந்தார். ஒரு பார்வைக்காகத் தன்னுடைய பழைய சோப்பு உறை ஒன்றைத் திரையில் விரித்தார். விரித்ததும் நாற்காலியோடு பின்னால் போனார். ரோஜா நீலம் பூத்துக் கிடந்தது. அடுத்ததைத் திறந்தார். எலுமிச்சைக்கும் அதே கதி. தண்ணீரில் விழுந்து மறுநாள் மிதந்த மாதிரி ஒவ்வொன்றும்.

"ஏம்மா, இந்த மானிட்டர் பழுது. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

மனைவி தகட்டோடு வந்தார். வெள்ளையைப் பார்த்தார். "மானிட்டர் சரியா இருக்கு. உங்க சோப்புதான் நீலமா இருக்கு."

"அதெப்படி? பழசுல நல்லாத்தானே இருந்துது?"

"பழசு மஞ்சள். மஞ்சளா தெரியுதேன்னு நீங்க நீலத்தைக் கொட்டியிருக்கீங்க. கொட்டினப்புறம் அதுல சரியாத் தெரிஞ்சிருக்கும். அச்சுல நீலம் மட்டும் நின்னுடுச்சு."

லேபிள் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடை, மைக், மனதின் வெப்பநிலை எல்லாம் வரிசையாக வந்து போயின. ஊரே கொண்டாடிய குளிர்ச்சி அவர் மனதிலிருந்து வந்ததல்ல, பழைய மானிட்டருக்குள் கெட்டுப்போன ஒரு விளக்கிலிருந்து வந்தது. மனைவி தகட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

ஆனாலும் லேபிள் தொழில்காரர். இனியாவது சரியாகச் செய்வோம் என்று ஆறு உறையையும் சுத்தமாக வரைந்தார். ரோஜா பறித்துப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. மாதிரி அச்சு எடுத்து அனுப்பினார். சோப்பு முதலாளி போன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். ஆறையும் மேஜையில் பரப்பினார்.

"யார் சார் பண்ணது இது?"

"நான்தான்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், நிறம் அச்சு அசலா இருக்கே."

"இருக்கு. அதுதான் பயமா இருக்கு. ரோஜா ரோஜா மாதிரியே இருக்கு சார். அதைப் போட ஊர்ல நூறு பேர் இருக்காங்க. கை சில்லுன்னு ஆகலையே. எங்க சோப்பைக் கடையில ஜனங்க தூரத்துலேருந்தே அந்த நீலத்தை வெச்சுத்தான் எடுக்கறாங்க." எழுந்தவர் வாசலில் நின்றார். "திங்கட்கிழமை பார்க்கறேன். உங்க நீலம் வரலைன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். கோவிச்சுக்காதீங்க."

லேபிள் நீலத்தைக் கூட்டிப் பார்த்தார். கை கூட்டும், கண் குறைத்துவிடும். சரியான திரையில் தப்பான நிறத்தைப் பார்க்கிறபோது அவருடைய கண்ணே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. பழைய உறையின் எண்களைப் பார்த்துப் போடலாமென்றால், அதில் இருந்த ரோஜா வேறு, எலுமிச்சை வேறு. தாழையும் வேம்பும் அவர் இதுவரை போட்டதே இல்லை. தவிர, எண் பார்த்துப் போட ஆரம்பித்தால் வரி ஆபீசுக்கு யார் போவது? மானிட்டரில் இருந்த பட்டனை அழுத்தித் திரையை மஞ்சளாக்கினார். அது தேன் தடவிய மாதிரி இருந்ததே தவிர, டீ குடித்த மாதிரி இல்லை. மச்சான் எங்கிருந்தோ மஞ்சள் ஜிகினாத்தாள் கொண்டுவந்து திரையில் ஒட்டினான். உள்ளே சோப்புக்குப் பதிலாக அவர்கள் இருவர் முகமும் தெரிந்தன.

"மாமா, மஞ்சள் கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டா?"

"நீ டவர்ல ஏறு மச்சான், போ."

இனி ஒரே வழிதான். பழைய மானிட்டர் வேண்டும். அது இருப்பது அடுத்த அறையில், இருபது அடி தூரத்தில். ஆனால் அதைக் கேட்டால், புதியது வேலைக்கு ஆகவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி. ஒப்புக்கொண்டால் புதியது போய்விடும். கேட்காவிட்டால் சோப்பு முதலாளி போய்விடுவார். சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரிந்த அந்தத் தொழிற்சாலையை நினைத்து லேபிள் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கேட்காமலே எடுப்பது என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை மனைவி லேபுக்குப் போனதும் வேலையைத் தொடங்கினார். பழையது வந்து மேஜையில் உட்கார்ந்து, முனகி, பல்லைக் காட்டியது. லேபிளின் கண்ணுக்கு வீடு திரும்பிய சுகம். கை தன் போக்கில் ஓடியது. ரோஜா நனைந்தது, எலுமிச்சை குளிர்ந்தது, தாழை குளத்தங்கரையில் போய் நின்றது. ஐந்தாவது முடியும்போது செருப்புச் சத்தம் கேட்டது. பல் லேபுக்கு அன்றைக்கு அரை நாள். அதை அவர் மறந்தே போயிருந்தார். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடவும் நேரமில்லை. பழக்க தோஷத்தில் வாயிலிருந்து வந்தது:

"சார், பச்சையைக் கொஞ்சம் குறைச்சிடறேன்."

மனைவி வாசல்படியில் நின்றார். லேபிளின் காதில் ஹெட்போன் இல்லை. கையில் போன் இல்லை.

"எந்த சாருங்க?"

"இல்ல, சும்மா தூசி தட்டினேன்."

"தூசிக்கு நடுவுல ரோஜா வரைஞ்சிருக்கே." மனைவி பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "அந்தப் பச்சை குறைக்கற சார் யாருன்னு நானும் ரொம்ப நாளா யோசிக்கறேன். நீங்க குறைச்ச குறைப்புக்கு உலகத்துல இந்நேரம் பச்சையே தீர்ந்திருக்கணும். எங்க லேப் ஜன்னலுக்கு வெளிய மரம் அப்படியேதான் நிக்குது."

லேபிள் சுவரைப் பார்த்தார். சுவரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

"உன் தம்பிதான்" என்றார் கடைசியில்.

"தெரியும். அவன் சின்ன வயசுலேயே ரகசியம் தாங்க மாட்டான். வாங்கின மறுநாளே சொல்லிட்டான். 'மாமா மூணு பேரைச் சாய்ச்சார்க்கா'ன்னு. குரல்ல அவ்வளவு பெருமை." சிரிப்பு வந்ததை மறைக்க அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "சரி. பழசை நீங்களே வெச்சுக்கோங்க. அது உங்களுக்குச் சோறு போடுது. புதுசை என் மேஜையில வெச்சிடுங்க."

"நீ என்ன பண்ணுவ அதை வெச்சு?"

"டாக்டருங்க அனுப்பற பல்லு போட்டோவைச் சரியான நிறத்துல பார்ப்பேன். கடைக்காரர் சாட்சி இருக்கார், கூட்டிட்டு வரட்டுமா?"

வேண்டாம் என்று லேபிள் தலையாட்டினார். புது மானிட்டரைத் தானே தூக்கிக்கொண்டு போய் வைத்தார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை சோப்பு முதலாளி வந்தார். ஆறு உறையையும் கையில் எடுத்தார். கண்ணை மூடினார். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"இதுதான் சார். சில்லுங்குது. நடுவுல என்ன ஆச்சு உங்களுக்கு?"

"மனசுல கொஞ்சம் காய்ச்சல்" என்றார் லேபிள். முதலாளி அதைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு, போகும்போது யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டே போனார்.

லேபிள் இப்போதும் மத்தியானங்களில் பழைய மானிட்டரில் சுடுகிறார். ஓடிப்போனவனையே சுடுகிறார். இரண்டு வாரமாக மச்சான் மட்டும் சரியாக வருவதில்லை, டவரில் வேலை அதிகம் என்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேபிள் தண்ணீர் குடிக்க எழுந்து மனைவியின் அறையைக் கடந்தார். மனைவி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லேபிளைப் பார்த்ததும் குரல் மாறியது.

"டாக்டர், அந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் ராவிடறேன்."

ஹெட்போனுக்கு வெளியே கசிந்த குரல், "அக்கா, மாமா வந்துட்டாரா?" என்றது. திரையில் பாழடைந்த தொழிற்சாலை, பகல் மாதிரி. நட்ட நடுவில் ஒரு சிப்பாய் சிலையாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், ஒரு சட்டைப் பொத்தான் தெரிந்தது.

லேபிள் கதவில் சாய்ந்துகொண்டார்.

"டாக்டர்கிட்ட சொல்லு, பின்னாடி மூட்டைகிட்ட ஒரு சொத்தைப் பல் ஒளிஞ்சிட்டிருக்கு."

மனைவி திரும்பவில்லை. திரையில் சிப்பாய் திரும்பினான்.